கூரை தாங்குமா? சோலார் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி



வழக்கமாக நான் விதை பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை வீட்டுக் கூரை பற்றி எழுதுகிறேன். ஆனால் இதுவும் விதையில் இருந்து வந்த விஷயம்தான்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். கடல் ஒரு இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். மாலையில் இருந்தே மழை விடவில்லை. பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் இரும்பைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரம் நிற்கும், காத்து ஏறினால் மறுபடி இழுக்கும். மேலே போய்ப் பார்க்க வீட்டில் விடவில்லை. "உசிரு இருந்தா காலையில பாத்துக்கலாம்"னு சொல்லிட்டாங்க.

காலையில் பார்த்தால், அந்த வருஷம் வைகாசியில் போட்ட சோலார் அமைப்பு முழுசாக ஒரு பக்கம் நகர்ந்து கிடந்தது. பறந்து போகவில்லை, விழவில்லை. ஆறு காலும் ஆறு சிமெண்ட் கட்டையோடு சேர்ந்து ஒரு சாண் நகர்ந்திருந்தது. நகர்ந்த வழியில் தட்டோடு பெயர்ந்து, கீழே தளத்தில் கீறல். அதன் வழியாக ராத்திரி பூரா தண்ணீர் இறங்கியிருக்கிறது. இறங்கிய இடம் எங்கள் விதை அறை.

நாலு மூட்டை தூயமல்லி, ஒரு பானை காட்டுயானம் நனைந்து போச்சு. தூயமல்லியில் பாதியைக் காயவைத்துக் காப்பாற்றினோம். அதுவும் விதைக்கு ஆகாது, அரிசிக்குத்தான். காட்டுயானம் பானைக்குள்ளேயே முளை விட்டுவிட்டது. ஒன்பது வருஷமாக விடாமல் போட்டு எடுத்த விதை. நல்லவேளை, நான் இரண்டு வருஷம் முன்னால் விதை கொடுத்த ஒரு நண்பர் வீட்டில் அது இருந்தது. அவர் இரண்டு படி திருப்பிக் கொடுத்தார். இல்லாவிட்டால் அந்த விதையை நான் மறுபடி தேடித்தான் அலைந்திருக்க வேண்டும்.

இதை யார்மேலும் பழிபோட எழுதவில்லை. சோலார் வேண்டாம் என்று சொல்லவும் எழுதவில்லை. இன்றைக்கும் அதே பேனல்தான் என் வீட்டில் ஓடுகிறது. மூணு கிலோவாட். நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் பக்கம் தருகிறது. தவறு எங்கே நடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். கூரையைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. போட வந்தவர்களும் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்களும் கேட்கவில்லை.

யாரும் பார்க்காத கூரை

பிரதமர் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் என்பது இலக்கு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய், ஆக மொத்தம் 78,000 ரூபாய் வரை மானியம். இணையத்தில் பதிவு செய்கிறோம். பட்டியலில் உள்ள ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அவர்கள் பொருத்துகிறார்கள். பிறகு இருவழி மீட்டர் வருகிறது, ஆய்வு நடக்கிறது, மானியம் வங்கிக் கணக்குக்கு வருகிறது.

இந்தத் திட்டத்தின் தகுதிகளில் ஒன்று, சோலார் தகடு பொருத்துவதற்கு ஏற்ற கூரையோடு சொந்த வீடு இருக்க வேண்டும் என்பது. 'ஏற்ற கூரை' என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுக் கூரை ஏற்றதுதானா என்று முடிவு செய்தது யார்? என் விஷயத்தில், மாடியை அலைபேசியில் நாலு படம் எடுத்துப் போன ஒரு பையன். நிழல் விழுகிறதா, எவ்வளவு இடம் இருக்கிறது, இந்த இரண்டையும்தான் அவர் பார்த்தார். தளம் எத்தனை அங்குலம், எத்தனை வருஷப் பழசு, கீழே சுவர் எங்கே போகிறது, எதையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆய்வுக்கு வந்தவர் பேனலில் உள்ள எண்களைச் சரிபார்த்தார். எர்த் பார்த்தார். மீட்டர் பார்த்தார். அவர் மின்சாரத்தைப் பார்க்க வந்தவர், அதைச் சரியாகவே செய்தார். கட்டடத்தைப் பார்க்க வேண்டிய ஆள் என்று ஒருத்தர் இந்த வரிசையில் இல்லவே இல்லை. அதுதான் என் குறை.

விதி இருக்கிறதா?

இருக்கிறது. நம் வாசல் வரைக்கும்தான் வரவில்லை.

தமிழ்நாட்டில் முன்பு சென்னைப் பெருநகருக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒரு விதி, கிராமங்களுக்கு 1997-ஆம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதிகள் என்று தனித்தனியாக இருந்தது. 2019 பிப்ரவரியில் எல்லாவற்றையும் சேர்த்து தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. நம் கிராமத்து வீடும் இந்த விதிக்குள்தான் வருகிறது. 2024 ஜூலையில் இருந்து 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று கொடுத்தே அனுமதி பெறலாம் என்றும் வந்துவிட்டது.

இந்த மாதிரி விதிகளில் நம் ஆட்களுக்குத் தெரிந்தது ஒரு பாதிதான். எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை மாடி, எவ்வளவு உயரம், கட்டணம் எவ்வளவு. அதாவது அனுமதிச் சீட்டு சம்பந்தப்பட்ட பாதி. இன்னொரு பாதி, கட்டடம் எதைத் தாங்க வேண்டும் என்பது. அதற்கு ஆதாரம் தேசிய கட்டட விதித்தொகுப்பு. 1970-ல் முதலில் வெளிவந்தது, இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2016-ல் திருத்தியது. இது தானாகச் சட்டம் ஆகாது. மாநிலமோ உள்ளாட்சியோ தன் விதியில் எடுத்துக்கொள்ளும்போதுதான் கட்டாயம் ஆகும்.

கட்டடத்தின் மேல் வரும் எடைக்கும் காற்றுக்கும் தனியாக ஒரு தரநூல் இருக்கிறது. அதன் எண் ஐ.எஸ். 875. இரண்டாம் பகுதி, ஆட்களும் பொருட்களும் தரும் எடை பற்றியது. மூன்றாம் பகுதி காற்று பற்றியது. அதை 2015-ல் திருத்தினார்கள். சோலார் போடுகிறவர்கள் தரும் விலைப்பட்டியலில் 'ஐ.எஸ். 875 படி' என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என் பட்டியலிலும் இருந்தது. அது என்ன சொல்கிறது என்று எனக்குச் சொல்ல ஒரு புயல் வர வேண்டியிருந்தது.

காத்துக் கணக்கு

புயலுக்குப் பிறகு என் அக்கா மகன் வந்தான். கட்டடப் பொறியாளர், சென்னையில் வேலை. மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, இந்த அமைப்பு கீழ அமுக்கும்னுதான நினைச்சீங்க? காத்து மேல தூக்கும்னு யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. நம்மில் பல பேர் பயப்படுவது எடைக்குத்தான். "தளம் எடை தாங்குமா?" என்றுதான் கேட்போம். அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரு 540 வாட் பேனல் இருபத்தெட்டு கிலோ பக்கம். ஆறு பேனல் 170 கிலோ. இரும்புச் சட்டத்தையும் சேர்த்தால் 300 கிலோவுக்குள் அடங்கும். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடையைக் கணக்கில் வைத்துத்தான் தளம் போடச் சொல்கிறது தரநூல். பேனல் சதுர மீட்டருக்கு இருபது கிலோ அளவில்தான் வரும். ஆயிரம் லிட்டர் தண்ணித் தொட்டி நிரம்பினால் ஒரு டன்னுக்கு மேல். அதையே நாம் யோசிக்காமல் ஏற்றி வைக்கிறோம். ஆகவே, நல்ல நிலையில் இருக்கும் கான்கிரீட் தளத்துக்கு எடை பெரிய பிரச்சினை இல்லை.

காற்றுக் கணக்கு வேறு மாதிரி. தரநூல் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அடிப்படைக் காற்று வேகத்தைக் கொடுத்திருக்கிறது. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் நொடிக்கு 39 மீட்டர். திருச்சிக்கு 47. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50. நமக்குப் புரிகிற மாதிரி மாற்றினால் மதுரைக்கு மணிக்கு 140 கிலோமீட்டர், திருச்சிக்கு 169, புதுச்சேரிக்கு 180. தினமும் அடிக்கிற காற்று இல்லை இது. எப்போதாவது ஒருமுறை வந்து சில நொடி அடிக்கும் உச்சக் காற்று. கட்டடம் அதற்கும் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. கிழக்குக் கடற்கரையை ஒட்டிய 60 கிலோமீட்டர் பட்டையைப் புயல் பகுதி என்று அந்த நூல் தனியாகவே குறிப்பிடுகிறது. பண்ருட்டியும் குறிஞ்சிப்பாடியும் கடலூரும் அதற்குள் வந்துவிடும்.

வேகம் இரண்டு மடங்கு ஆனால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்கு ஆகும். மணிக்கு 180 கிலோமீட்டரில் ஒரு சதுர அடிக்குப் பதினான்கு கிலோ அழுத்தம். என் ஆறு பேனலும் சேர்ந்து 165 சதுர அடிக்கு மேல். பெருக்கிப் பாருங்கள், இரண்டேகால் டன்னுக்கு மேல் வருகிறது. இதே அமைப்பு மதுரையில் இருந்தால் ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. இது தோராயக் கணக்குதான். சாய்வு, உயரம், சுற்றி மரம் கட்டடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பொறியாளர் கூட்டுவார், குறைப்பார். ஆனால் விஷயம் விளங்கும். கீழே அமுக்குவது 300 கிலோ, மேலே தூக்கப் பார்ப்பது டன் கணக்கு.

என் வீட்டில் அதைப் பிடித்து வைத்திருந்தது என்ன? ஆறு சிமெண்ட் கட்டை. ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. தளத்தோடு எந்தப் பிடிப்பும் இல்லை, சும்மா உட்கார வைத்தது. "ஓட்டை போட்டா ஒழுகும் சார், அதான் கட்டை வெச்சுடறோம்" என்று சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கடைசியில் ஓட்டை போடாமலேயே ஒழுகியது.

ஃபெஞ்சல் கரையைக் கடக்கும்போது காற்று மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டர், உச்சத்தில் தொண்ணூறு. எங்கள் மாவட்டத்தைப் பொறுத்தவரை அது காற்றுப் புயலே இல்லை, மழைப் புயல். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலைப் பார்த்த ஆட்கள் நாங்கள். அறுபது வருஷப் பலா மரம் வேரோடு புரண்டதையும், முந்திரித் தோப்பு ஒரே காலையில் படுத்ததையும் பார்த்தோம். தானேயில் என் மாட்டுக் கொட்டகையின் சிமெண்ட் ஓடு அடுத்த கொல்லையில் கிடந்தது. அன்றைக்கு என் மாடியில் இந்தப் பேனல் இருந்திருந்தால்? இருபத்தெட்டு கிலோ கண்ணாடித் தகடு ஆறு, யார் வீட்டுக் கூரையில் போய் இறங்கியிருக்கும்? நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

விலைப்பட்டியலில் '150 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும்' என்று போட்டிருந்தார்கள். எங்கள் பகுதிக் கணக்கு 180 என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தொண்ணூறிலேயே ஏன் நகர்ந்தது? அக்கா மகன் சொன்னது இதுதான். தாங்க வேண்டியது மூன்று. பேனல் தாங்க வேண்டும். சட்டம் தாங்க வேண்டும். சட்டத்துக்கும் கட்டடத்துக்கும் உள்ள பிடிப்பு தாங்க வேண்டும். முதல் இரண்டும் தொழிற்சாலையில் முடிகிற விஷயம், அதற்குச் சான்றிதழ் இருக்கும். மூன்றாவது நம் வீட்டு மாடியில் நடக்கிறது. அதற்கு யாரும் சான்று தருவதில்லை.

நம்ம ஊரு கூரை ஒரே மாதிரி இல்லை

கான்கிரீட் தளம் உள்ளவனுக்கே இந்தக் கதை. நம் உழவர் வீடுகள் எல்லாம் கான்கிரீட் இல்லையே.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு இருக்கிறது. தேக்கு விட்டம், மேலே செங்கல் அடுக்கு, சுண்ணாம்புத் தளம். நூறு வருஷம் நிற்கும், ஆனால் விட்டத்தின் முனை சுவருக்குள் மக்கியிருந்தால் வெளியே தெரியாது. அதில் துளை போட்டு முடுக்குவதும் நல்லதில்லை. ஓட்டு வீட்டில் ஓடு எதையும் தாங்காது. பிடிப்பு கைமரத்தில் வர வேண்டும். கைமரம் கரையான் தின்னதா, எத்தனை அடிக்கு ஒன்று இருக்கிறது என்று பார்க்காமல் போடவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் தகடு மேல் காலை வைத்தாலே உடையும். சோலார் போட ஏறிய ஆள் உள்ளே விழுந்தால் யார் பொறுப்பு? அதற்குக் கீழே உள்ள இரும்புக் குழாயும் வெறும் தகட்டைத் தாங்கப் போட்டதுதான்.

நம் இயக்கத்தில் மண் வீடு கட்டிய நண்பர்கள் இருக்கிறார்கள். கூரை வேய்ந்து, சுண்ணாம்பு பூசி, ஆசையாகக் கட்டியவர்கள். சோலாரும் முதலில் வேண்டும் என்று கேட்பவர்கள் அவர்கள்தான். 'ஏற்ற கூரை' என்று சொன்ன உடனே அவர்கள் வெளியே நிற்கிறார்கள். சிமெண்டைக் குறைத்துக் கட்டியவனுக்குச் சூரிய மின்சாரம் இல்லை, சிமெண்டை அள்ளிக் கொட்டியவனுக்கு மானியம் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

இவர்களுக்கு என் யோசனை, கூரையை விட்டுவிட்டு முற்றத்திலோ களத்து ஓரத்திலோ தனியாகத் தூண் நட்டுப் போடுவது. ஆனால் காத்துக் கணக்கு அங்கேயும் மாறாது. குழி ஆழம், கான்கிரீட் அளவு, எல்லாம் மேலே தூக்கும் விசைக்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். பந்தக்கால் ஊன்றுகிற மாதிரி ஊன்றினால் போதாது. மானியத்தை நம்பிப் போடுகிறவர்கள், இப்படிப் போட்டால் மானியம் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது எட்டு அடி உயரத்துக்குத் தூக்கிப் போடுவது பழக்கமாகிவிட்டது. கீழே நெல் காயவைக்கலாம், வடாம் போடலாம், ராத்திரி கட்டில் போட்டுப் படுக்கலாம் என்று நானும் அப்படித்தான் போட்டேன். உயரம் ஏற ஏறக் காற்றும் அதிகம், நெம்புவதும் அதிகம். கைப்பிடிச் சுவரை ஒட்டி, மாடியின் ஓரத்திலும் மூலையிலும் போட்டால் அங்கேதான் காற்று உறிஞ்சித் தூக்குவது மிக அதிகம். நடுவில் இருப்பதற்கு அவ்வளவு வராது. அப்புறம், தூக்கிப் போட்ட அமைப்பைச் சுற்றித் தடுப்பு அடைத்து அறையாக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அது சோலார் இல்லை, இன்னொரு மாடி. காற்றுக்கும் அது பாய்மரம் ஆகிவிடும், கட்டட விதியிலும் வேறு கணக்கு ஆகிவிடும்.

விதின்னாலே அலைச்சல்தானே?

இதை எங்கள் மாதக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு பெரியவர் எழுந்து, "ஏம்ப்பா, இருக்கிற விதிக்கே அலைஞ்சு செத்துட்டு இருக்கோம். நீ வேற கூரைக்கு ஒரு ஆபீசர், அவருக்கு ஒரு கவருன்னு கொண்டு வரப் பாக்குறியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. விதை வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் விதி என்ற பெயரில் என்னென்ன வருகிறது என்று பார்க்கிற ஆட்கள்தானே நாம்.

நான் கேட்பது இன்னொரு அனுமதிச் சீட்டு இல்லை. மூணு கிலோவாட்டுக்கு ஊராட்சிக்கும் வட்டாட்சியருக்கும் உழவன் நடையாய் நடக்க வேண்டியதில்லை. பத்து கிலோவாட் வரைக்கும் மின் இணைப்புக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு வேண்டாம் என்று 2024-ல் மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதியைத் திருத்தியது. நல்ல விஷயம்தான். ஆனால் அது மின்கம்பியைப் பற்றிய தளர்வு. காற்றுக்கு யாரும் தளர்வு கொடுக்க முடியாது.

நான் கேட்பது, விதியில் அனுமதி சம்பந்தப்பட்ட பாதியை லேசாக்குங்கள், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பாதியை எங்கள் கைக்குக் கொண்டு வாருங்கள் என்பதுதான். இப்போது நடப்பது தலைகீழ். சீட்டு வாங்குவது நம் பொறுப்பு, பாதுகாப்பு யார் பொறுப்பும் இல்லை.

நடைமுறையில் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, சோலார் போடும் நிறுவனம் விலைப்பட்டியலோடு ஒரு பக்கக் கூரைச் சீட்டு தர வேண்டும். தமிழில். இந்த ஊருக்கு என்ன காற்று வேகம் எடுத்தோம், பிடிப்பு எப்படி, எத்தனை ஆணி, எங்கே, தளம் என்ன நிலை என்று எழுதி, ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் மானியம் விடக்கூடாது. ஐந்து வருஷப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு என்று திட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பொறுப்பில் பிடிப்பும் அடங்கும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு, ஓட்டு வீடு, மெட்ராஸ் டெரஸ், மண் வீடு, மாட்டுக் கொட்டகை இவற்றுக்கு எப்படிப் போடுவது, எதில் போடவே கூடாது என்று படத்தோடு ஒரு கையேடு. தரநூல்களைப் பொறியாளர்கள் படிக்கட்டும். நம் கொத்தனாரும் பற்றவைப்பவரும் படிக்கிற மாதிரி ஒன்று வேண்டும். மாடியில் கடைசியாக ஆணி முடுக்குவது அவர்தானே.

மூன்று, ஒவ்வொரு ஒன்றியத்திலும் நாலு பேருக்காவது பயிற்சி. ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகள் வேலை இல்லாமல் இருக்கிறார்கள். கூரை பார்த்துச் சொல்வது அவர்களுக்கு ஒரு தொழிலாகவும் இருக்கும்.

கையெழுத்துப் போடும் முன்

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கேள்விகளை நீங்களே கேளுங்கள். நான் கேட்காமல் விட்டவை இவை.

எங்கள் ஊருக்கு எவ்வளவு காற்று வேகம் எடுத்தீர்கள்? எண்ணாகச் சொல்லுங்கள். 'தாங்கும் சார்' என்பது பதில் இல்லை.

சட்டத்தின் கால்கள் சுவருக்கும் உத்தரத்துக்கும் நேர் மேலே வருகிறதா, நடுத் தளத்தில் நிற்கிறதா?

கட்டை வைத்துவிட்டுப் போவீர்களா, தளத்தோடு பிணைப்பீர்களா? பிணைத்தால், துளை போட்ட இடத்தில் ஒழுகாமல் இருக்க என்ன செய்வீர்கள்? ஒழுகினால் யார் பொறுப்பு?

இரும்பு உருக்கில் முக்கி எடுத்த துத்தநாகப் பூச்சா, வெறும் வெள்ளிப் பெயிண்டா? கடலோரத்தில் பெயிண்ட் நிற்காது. ஆணியும் நட்டும்கூடத் துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். சட்டம் நன்றாக இருந்து நட்டு துருவேறினாலும் பேனல் பறக்கும்.

எர்த் குழி எத்தனை? இடிதாங்கிக்குத் தனியாக உண்டா?

தீப்பிடித்தால் எதை அணைக்க வேண்டும் என்று வீட்டில் உள்ள எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பீர்களா? மெயினை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனலில் இருந்து இன்வெர்ட்டர் வரை வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஆறு பேனலை வரிசையாகக் கோத்தால் முந்நூறு வோல்ட் பக்கம் வரும். இது நம் பெண்டு பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பேனலைச் சுற்றி ஆள் நடக்க இடம் விட்டீர்களா? துடைக்கவும் வேண்டும், ஆபத்துக்கு ஏறவும் வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற நிறுவனம் கிடைத்தால், இரண்டாயிரம் மூவாயிரம் கூட ஆனாலும் அவர்களிடமே கொடுங்கள்.

என் வீட்டில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டடி உயரத்தை மூன்றடியாகக் குறைத்தோம். ஆறு காலையும் கீழே உள்ள சுவருக்கு நேராக நகர்த்தினோம். தளத்தில் துளையிட்டுக் கெமிக்கல் ஆங்கர் வைத்து, அதன் மேல் கான்கிரீட் பீடம் கட்டி, அதில் காலை முடுக்கினோம். பீடத்தைச் சுற்றி நீர் இறங்காமல் பூசினோம். கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் கொடுத்தோம். கைப்பிடிச் சுவரில் இருந்து நாலடி உள்ளே தள்ளினோம். எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் ஆனது. ஆரம்பத்திலேயே செய்திருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது என்றான் அக்கா மகன். நெல் காயவைக்கும் நிழல் போச்சே என்று வீட்டில் கொஞ்சம் வருத்தம். விதை அறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டேன்.

நிலத்தில் ஒரு பயிர் வைக்கும் முன் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்துத்தான் வாழையே வைக்கிறோம். வாழைக்கு முட்டுக் கொடுக்கத் தெரிந்த நமக்குப் பேனலுக்கு முட்டுக் கொடுக்கக் கேட்கத் தெரியவில்லை. அது நிபுணர் விஷயம் என்று ஒதுங்கிவிட்டோம்.

ஒவ்வொரு மாவட்டக் கூட்டத்திலும் சோலார் போட்ட ஒரு நண்பரின் மாடிக்கு எல்லாரும் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம் என்பது என் வேண்டுகோள். கட்டை நகருகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். நட்டு துருவேறியிருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே போட்டவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். எங்கள் பக்கம் வருகிறவர்கள் என் வீட்டு மாடியையும் பார்க்கலாம். நகர்ந்த தடம் தட்டோட்டில் இன்னும் தெரிகிறது. பூசாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.